ஜவளகிரி அட்சத்தில் ஒரு டிகிரி: வில்லியம் லாம்ப்டனின் கதை



ஓசூரிலிருந்து தளி வழியாகப் போனால் ஜவளகிரி வரும். ஒரு பக்கம் ராகிக் கொல்லை, இன்னொரு பக்கம் காடு. வருஷா வருஷம் குளிர் தொடங்கும் சமயத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டம் இந்த வழியாகத்தான் தமிழ்நாட்டுக் காட்டுக்குள் இறங்கும். கர்நாடகா எங்கே முடியுது, தமிழ்நாடு எங்கே தொடங்குதுன்னு யானைக்குத் தெரியாது. எல்லைக்கோடு நம்ம மேப்பில்தான் இருக்கு.

அதே மேப்பில் இன்னும் ரெண்டு கோடுகளைப் பாருங்க. ஜவளகிரி வட்டாரத்துக்குக் குறுக்கே, கிழக்கு மேற்காகப் போவது ஏறக்குறைய பன்னிரண்டரை டிகிரி அட்சரேகை. கொஞ்சம் கிழக்கே தள்ளி, வடக்கு தெற்காகப் போவது 78 டிகிரி தீர்க்கரேகை. பேப்பரில் ரெண்டும் ஒரே மாதிரி மெல்லிய கோடுதான். ஆனா வடிவியல்படி ரெண்டும் வேற வேற ரகம். தீர்க்கரேகை ஒரு பெருவட்டத்தின் பாதி. நம்ம அட்சரேகை பெருவட்டமே கிடையாது.

இதில் என்ன பெரிய விஷயம் இருக்குன்னு கேட்கலாம். இந்த வித்தியாசத்தை அடிப்படையா வச்சு, இருபது வருஷத்துக்கு மேல் தென்னிந்தியாவின் வெயிலிலும் காய்ச்சலிலும் அலைந்த ஒரு மனிதர் இருந்தார். பெயர் வில்லியம் லாம்ப்டன். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீட்டைத் தொடங்கியவர். எவரெஸ்ட் பெயர் எல்லோருக்கும் தெரியும். எவரெஸ்டுக்கு முன்னால் அந்த வேலையை ஆரம்பித்தவர் இவர்தான். அவர் வாழ்க்கையைப் பார்ப்பதற்கு முன்னால், பெருவட்டம்னா என்னன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம்.

சாத்துக்குடியும் ரப்பர் பேண்டும்

ஒரு சாத்துக்குடியைக் கத்தியால் வெட்டுங்க. கத்தி சரியாக மையத்தின் வழியே போனால், வெட்டு முகத்தில் கிடைக்கும் வட்டம்தான் அந்தப் பழத்தில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வட்டம். அதுதான் பெருவட்டம். கத்தி மையத்தை விட்டு விலகினால் வட்டம் சின்னதாகிவிடும். அது சிறுவட்டம்.

பூமிக்கும் இதே கதைதான். பூமியின் ஆரம் சுமார் 6,371 கி.மீ. நிலநடுக்கோடு பெருவட்டம். எதிரெதிர் தீர்க்கரேகைகள் ரெண்டு சேர்ந்தால் அதுவும் ஒரு பெருவட்டம். ஆனா நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற அட்சரேகை எல்லாம் சிறுவட்டம்தான். பன்னிரண்டரை டிகிரி அட்சத்தில் போகும் வட்டத்தின் ஆரம் சுமார் 6,220 கி.மீ. அதன் மையம் பூமியின் மையத்தில் இல்லை. பூமியின் அச்சிலேயே சுமார் 1,380 கி.மீ. வடக்கே தள்ளி இருக்கு. கால்குலேட்டரை எடுத்து ஆரத்தைக் கோசைன் 12.5ஆலும் சைன் 12.5ஆலும் பெருக்கிப் பாருங்க, வந்துடும்.

ஒரு பந்தின் மேல் ரெண்டு புள்ளி வச்சு, நடுவில் ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்தால், அது தானாகவே பெருவட்டத்தின் மேல் போய் உட்காரும். ஏன்னா கோளத்தின் பரப்பில் மிகக் குறுகிய பாதை அதுதான். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்த ஏர் இந்தியா விமானம் வட துருவத்தின் மேல் பறந்து வந்தது. சுவரில் மாட்டிய மேப்பில் அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது மாதிரி தெரியும். உருண்டையில் பார்த்தால் அதுதான் கிட்டத்தட்ட நேர் வழி.

நம்ம ஊர்ப் பக்கமே ஒரு கணக்கு. 13 டிகிரி அட்சரேகையில், சென்னைக்கு நேராக ஒரு புள்ளி, மங்களூருக்கு நேராக ஒரு புள்ளி வச்சுக்குங்க. ரெண்டும் ஒரே அட்சம். அப்படியும் ரெண்டுக்கும் நடுவிலான குறுக்குவழி அட்சரேகை மேல் போகாது. நடுவழியில் சுமார் ஒன்றரை கி.மீ. வடக்கே வளைந்துதான் போகும். தென்னிந்தியாவின் அகலத்துக்கே ஒன்றரை கி.மீ. வித்தியாசம். வயல் அளப்பவருக்கு இது தேவையில்லை. நாட்டையே அளக்கக் கிளம்பியவருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். இனி லாம்ப்டனிடம் போகலாம்.

ராயக்கோட்டை வழியே வந்த சிப்பாய்

லாம்ப்டன் 1753 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரர். கையில் காசு இல்லாத கணக்குப் பையனுக்கு அந்தக் காலத்தில் இருந்த வழிகளில் ஒன்று ராணுவம். அதில் சேர்ந்து அமெரிக்கா போனார். சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது கைதியானார். பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் பல வருஷங்கள் ராணுவக் குடியிருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் பதவி. அங்கே நில அளவை பழகினார். கிடைத்த கணிதப் புத்தகங்களை எல்லாம் படித்தார். சூரிய கிரகணத்தைப் பாதுகாப்பில்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை பறிபோனது. வாழ்நாள் முழுக்கத் தொலைநோக்கி வழியே பார்க்கப்போகிறவருக்கு மிச்சம் இருந்தது ஒரே கண்.

1790களின் கடைசியில் அவருடைய 33ஆம் படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தது. அதன் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்தவர். 1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போர். வேலூரில் கூடிய கம்பெனிப் படை பாராமகாலைக் கடந்து, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக மைசூருக்குள் நுழைந்தது. இன்னைக்கு நாம பஸ்ஸில் போகிற அதே ஊர்கள்தான். 1792 ஒப்பந்தத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் கம்பெனி கைக்குப் போயிருந்தது. ஓசூர்ப் பக்கம் அப்போதும் திப்பு வசம் இருந்தது. ஆகவே அந்த வருஷம் மார்ச்சில் படை தாண்டியது ஒரு நாட்டின் எல்லையை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே ஒரு ராத்திரி. ஜெனரல் பெயர்டின் தலைமையில் ஒரு படைப்பிரிவு இருட்டில் வேலையை முடித்துவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கூட இருந்த லாம்ப்டன் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரங்கள் இருந்த இடத்தை வைத்து, படை தவறான திசையில், எதிரியை நோக்கிப் போகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். பெயர்டு முதலில் நம்பவில்லை. அப்புறம் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது நட்சத்திரம் சொன்னதுதான் சரின்னு தெரிந்தது. படை திரும்பியது, பிழைத்தது.

மே மாதம் திப்பு வீழ்ந்தார். பெரிய நிலப்பரப்பு கம்பெனி கையில் வந்தது. அதற்குச் சரியான மேப் இல்லை. அப்போது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த லாம்ப்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தீபகற்பத்தைக் கடற்கரைக்குக் கடற்கரை முக்கோணங்களால் இணைப்பது. அதோடு பூமியின் வடிவத்தையே அளப்பது. வெல்லெஸ்லியின் ஆதரவு இருந்ததால் சென்னை அரசு ஒப்புக்கொண்டது. அரசுக்கு வேண்டியது மேப். லாம்ப்டனுக்கு வேண்டியது ஒரு பெருவட்டத்தின் துண்டு.

சீனப் பேரரசருக்குப் பிடிக்காத சங்கிலி

சிவில் துறை நண்பர்களுக்கு சர்வே கேம்ப் ஞாபகம் இருக்கும். முக்கோண அளவீட்டில் முதல் வேலை அடிக்கோடு. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தரையில் நேரடியாக அளந்துவிட்டால், மிச்சத்தை எல்லாம் கோணங்களை அளந்து சைன் விதி போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆனா அந்த ஒரு பக்கம் தப்பானால் எல்லாமே தப்பு.

லாம்ப்டனுக்குக் கிடைத்த எஃகுச் சங்கிலிக்கு ஒரு முன்கதை உண்டு. 1793இல் மெக்கார்ட்னி பிரபு தலைமையில் பிரிட்டிஷ் தூதுக்குழு சீனப் பேரரசருக்கு அறிவியல் கருவிகளைப் பரிசாகக் கொண்டு போனது. பேரரசருக்கு அவற்றில் ஆர்வம் இல்லை. திரும்பி வந்த சில கருவிகள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் 100 அடி எஃகுச் சங்கிலியும், தலைக்கு நேர் மேலே போகும் நட்சத்திரங்களின் கோணத்தை அளக்கும் உச்சிக்கருவியும் லாம்ப்டன் கைக்கு வந்தன. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டை லண்டனில் செய்யச் சொன்னார்கள். 36 அங்குல விட்டம், அரை டன் எடை. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார். ரெண்டு நாடும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு தொடங்கியது. மறுமுனை தெற்கே பெரும்பாக்கம் குன்று. ஆமாங்க, இன்னைக்கு ஐ.டி. கம்பெனிப் பஸ்கள் ஓடுகிற அதே பெரும்பாக்கம்தான். நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கி.மீ. 100 அடிச் சங்கிலியை மரப்பெட்டிகளில் மட்டமாகக் கிடத்தி, பெட்டிகளைத் தாங்கிகள் மேல் வைத்து, 400 தடவை முன்னே நகர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் வெப்பமானி பார்த்தார்கள். ஏன்? எஃகு வெயிலில் நீளும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 12 கி.மீ. தூரத்தில் சுமார் 1.4 மீட்டர் பிசகு வரும். சென்னையின் சித்திரை வெயிலில் இந்த வேலை நடந்தது. மே 22இல்தான் முடிந்தது. 12 கி.மீ.க்கு ஆறு வாரம்!

180க்கு மேலே போகும் முக்கோணம்

அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் கிளம்பின. குன்று, கோட்டை, கோயில் கோபுரம் என்று உயரமான இடங்களில் எல்லாம் கொடி. ஒரு உச்சியில் நின்று அடுத்த ரெண்டு உச்சிகளுக்கு நடுவே உள்ள கோணத்தை அளப்பார்கள். இங்கேதான் பெருவட்டம் வேலையைக் காட்டும்.

முக்கோணத்தின் மூன்று கோணம் சேர்ந்தால் 180 டிகிரி என்று ஏழாம் வகுப்பில் படித்தோம். அது தாளில் உண்மை. பூமியின் மேல் வரையும் முக்கோணத்தின் பக்கங்கள் பெருவட்ட வில்கள். அவை வெளியே உப்பியிருக்கும். அதனால் கோணங்களின் கூட்டல் 180ஐத் தாண்டும். நம்பிக்கை இல்லையா? வட துருவத்திலிருந்து 0 டிகிரி தீர்க்கரேகையில் நிலநடுக்கோட்டுக்கு இறங்குங்க. அங்கிருந்து கிழக்கே 90 டிகிரி போங்க. திரும்பவும் வடக்கே ஏறித் துருவத்துக்கு வாங்க. மூன்று மூலையிலும் செங்கோணம். மொத்தம் 270!

கூடுதலாக வரும் கோணம் முக்கோணத்தின் பரப்பைப் பொறுத்தது. பூமியில் சுமார் 197 சதுர கி.மீ.க்கு ஒரு வினாடி கூடும். வினாடின்னா இங்கே கோண அளவு, ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு. பக்கத்துக்கு 50 கி.மீ. உள்ள சமபக்க முக்கோணத்தில் கூடுதல் ஐந்தரை வினாடி. இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், ஒவ்வொரு கோணத்திலும் கிட்டத்தட்ட ரெண்டு வினாடி பிசகு, 50 கி.மீ. தள்ளி அது அரை மீட்டருக்குப் பக்கத்தில் போகும். ஒரு முக்கோணத்தில் சரி, விட்டுடலாம். ஒன்றன் பக்கத்தை வைத்தே அடுத்ததைக் கட்டும்போது, பிசகும் கூடவே வளரும். லாம்ப்டன் தன் முக்கோணங்கள் ஒவ்வொன்றிலும் இந்தக் கூடுதலைக் கணக்கிட்டு, கோணங்களைத் திருத்தி, அதற்குப் பிறகுதான் பக்க நீளத்துக்குப் போனார். இந்த வேலைக்குச் சுருக்குவழி வேண்டுமென்றால், கூடுதலில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு கோணத்திலும் கழித்துவிட்டுச் சாதாரண முக்கோணமாகப் போடலாம். 1787இல் பிரெஞ்சுக் கணிதர் லெழாந்தர் காட்டிய வழி அது.

பூமியின் மையத்தை நட்சத்திரத்தில் பிடித்தவர்

தூரம் கிடைத்துவிட்டது. ஆனா அது வட்டத்தின் எத்தனை டிகிரி? பெருவட்டத்தின் மையம் பூமியின் மையம். அங்கே போய்க் கோணமானியை வைக்க முடியாது. லாம்ப்டன் கையில் இருந்த வழி நட்சத்திரம்.

ஒரு நட்சத்திரம் உங்க ஊரில் நடுவானத்தைக் கடக்கும்போது, தலைக்கு நேர் மேலிருந்து 5 டிகிரி வடக்கே இருக்குன்னு வச்சுக்குங்க. அதே தீர்க்கரேகையில் நேர் தெற்கே இருக்கும் ஊரில் அது 6 டிகிரி வடக்கே தெரிந்தால், ரெண்டு ஊரின் தூக்குநூலும் தங்களுக்குள் 1 டிகிரி சாய்ந்திருக்கு என்று பொருள். பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொண்டால் அந்த ரெண்டு நூலும் போய்ச் சேருமிடம் பூமியின் மையம். ஆகவே வானத்தில் பார்த்த 1 டிகிரிதான் பூமியின் மையத்தில் உள்ள 1 டிகிரி. இது தீர்க்கரேகையில் மட்டும்தான் இவ்வளவு நேரடியாகக் கிடைக்கும். கிழக்கு மேற்காக அட்சரேகை மேல் நடந்தால் அந்த வட்டத்தின் மையமே வேறு. தூக்குநூல் அதைக் காட்டாது. லாம்ப்டன் ஏன் வடக்கு தெற்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டார்னு இப்போ புரியுது இல்லையா?

1802, 1803இல் அவர் அளந்த முதல் வில், கடலூர்ப் பக்கத்துத் திருவந்திபுரத்தில் தொடங்கி வடக்கே ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனது. அதன் நடுப்புள்ளியின் அட்சம் சுமார் 12 டிகிரி 32 நிமிடம். அப்படியே மேற்கே வந்தால் நம்ம ஜவளகிரி வட்டாரம். அங்கே கிடைத்த ஒரு டிகிரியின் நீளம், இன்றைய அளவில் சொன்னால், சுமார் 110.6 கி.மீ. இன்று செயற்கைக்கோளை வைத்துக் கணக்கிட்டாலும் இந்த அட்சத்தில் 110.6 கி.மீ.தான்.

துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு டிகிரி 111.7 கி.மீ. இருக்கும். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதுதான் காரணம். அந்தத் தட்டையைக் கண்டுபிடிக்க வெவ்வேறு அட்சங்களில் ஒரு டிகிரியின் நீளம் வேண்டும். ஐரோப்பாவில் அளந்திருந்தார்கள், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பெருவில் அளந்திருந்தார்கள். நடுவில் தென்னிந்தியா அளித்த எண் இது.

பெங்களூரில் ஒரு பரீட்சை

சரியா அளந்தோமான்னு எப்படித் தெரியும்? 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டை, அவருடைய உதவியாளர் வாரன் சங்கிலியால் அளந்தார். அதே கோட்டின் நீளம், பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக ஏறி வந்த கணக்கிலும் இருந்தது. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெங்களூர், ஓசூர்ப் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். உயரே போனால் பூமியின் மையத்திலிருந்து ஆரம் கூடும். அதே கோணத்துக்கு வில்லின் நீளமும் கூடும். 12 கி.மீ. அடிக்கோட்டைக் கடல் மட்டத்துக்கு இறக்கினால் ஒன்றரை மீட்டருக்கு மேல் குறையும். இதையும் திருத்திவிட்டுப் பார்த்தபோது ரெண்டு விடைக்கும் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு. ஒரு ஜாண் கூட இல்லை!

அங்கிருந்து ஒரு வரிசை முக்கோணம் மேற்கே மங்களூருக்குப் போனது. தீபகற்பத்தின் அகலம் சுமார் 400 மைல் என்று பழைய மேப்புகள் காட்டிவந்தன. அது 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் நிலம் மேப்பிலிருந்து காணாமல் போனது. அதுக்கு முன்னால், சென்னையில் நிதிக்குழுவில் இருந்த ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர் பல்லக்குத் தூக்குகிறவர்களிடம் சொன்னால் போதுமே, இதுக்கு எதுக்கு இத்தனை செலவு என்ற பொருளில் கேட்டாராம். பல்லக்குக்காரர் வழி தெரிந்தவர், உண்மைதான். நாற்பது மைல் பிசகை அவரால் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு வரிசை பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கியது. இதுதான் பின்னாளில் மாபெரும் வில் என்று பெயர் வாங்கியது. 78 டிகிரித் தீர்க்கரேகையை ஒட்டி, நம்ம எல்லைப்புற மலைகளைத் தாண்டி, கோயம்புத்தூர்ப் பக்கம் போய், 1809இல் கன்னியாகுமரி அருகே கடலைத் தொட்டது. வழியில் சில நிலையங்களில் நட்சத்திரக் கணக்கும் முக்கோணக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. தரைக்கு அடியில் அடர்த்தியான பாறை இருந்து தூக்குநூலை ஒரு பக்கம் இழுக்கிறது என்று லாம்ப்டன் ஊகித்தார். பூமியை அளக்கப் போனவருக்குப் பூமியின் உள்ளே இருப்பதும் தட்டுப்பட ஆரம்பித்தது.

தஞ்சாவூரில் விழுந்த அடி

1808. காவிரி டெல்டாவில் குன்று ஏது? கோபுரம்தான் குன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். ஒரு கயிறு அறுந்தது. கருவி போய்ச் சுவரில் மோதியது. கோணம் காட்டும் பித்தளை வட்டம் நெளிந்துவிட்டது.

யோசிச்சுப் பாருங்க. வினாடியில் கோணம் அளக்கும் வட்டம் நெளிந்தால் அது அப்புறம் வெறும் பித்தளை. புதுசு வேண்டுமென்றால் லண்டனிலிருந்து வர வருஷக்கணக்கில் ஆகும். லாம்ப்டன் கருவியோடு தன்னை உள்ளே அடைத்துக்கொண்டார். சரியான அளவில் ஒரு வட்டத்தைப் பலகையில் வரைந்து வைத்துக்கொண்டு, நெளிந்த வட்டத்தைத் திருகாணி, ஆப்பு, கப்பி எல்லாம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். ஆறு வாரம் ஆனது. அந்தக் கருவி திரும்பவும் வேலைக்கு வந்தது. அவருக்குப் பின்னாலும் ஓடியது. பட்டறைப் பாடத்தில் ஃபைலைப் பிடித்து நொந்துபோகும் முதல் வருஷ மாணவர்கள் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

யாருக்காக அளந்தார்கள்?

இந்த வேலையைத் தனி ஒருவர் செய்ததாகச் சொன்னால் அது பாதிக் கதை. கருவியை மலை மலையாகத் தூக்கியவர்கள், காட்டை வெட்டிப் பார்வைக்கு வழி செய்தவர்கள், நாள்கணக்கில் உச்சியில் கொடி பிடித்தவர்கள் எல்லாம் நம்ம ஊர் ஆட்கள். காய்ச்சலில் செத்தவர்களும் நிறைய. கணக்குப் போட்ட உதவியாளர்களில் முக்கியமானவர் ஜோசுவா டி பென்னிங். 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் பயின்ற பையன்களில் ஒருவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. தமிழ்நாட்டில் பொறியியல் படிக்கும் எல்லோருக்கும் ஒரு வகையில் பெரிய அண்ணன் முறை வேணும் அவர்!

அதே மாதிரி, இந்த அளவீடு யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சொல்லியாகணும். மேப் கேட்டது கம்பெனி அரசு. படையை நகர்த்தவும், வரி வாங்கவும், நாட்டைக் கையில் வைத்திருக்கவும் அதுக்கு மேப் வேண்டும். கோபுரத்தின் மேல் தொலைநோக்கியோடு ஏறும் வெள்ளைக்காரரை ஊர்க்காரர்கள் சந்தேகமாகப் பார்த்ததில் நியாயம் இருந்தது. வீட்டு முற்றம் வரைக்கும் தெரியுமே! லாம்ப்டனின் மனசு பெருவட்டத்தில் இருந்தது நிஜம். அந்தப் பெருவட்டத்துக்குச் சம்பளம் கொடுத்தது எது என்பதும் நிஜம். ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

ஹிங்கன்காட்

கன்னியாகுமரியைத் தொட்டபின் லாம்ப்டன் வடக்கே திரும்பினார். குத்தி, ஹைதராபாத், பீதர் என்று முக்கோணங்கள் ஏறின. 18 டிகிரி அட்சம் வரைக்கும் போனதும், அவர் அளந்த வில் கிட்டத்தட்ட 10 டிகிரி ஆகிவிட்டது. பாரிஸ் அறிவியல் கழகமும் லண்டன் ராயல் சொசைட்டியும் அவரைச் சேர்த்துக்கொண்டன. 1818இல் இந்த வேலைக்கு இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீடு என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் வந்தது. உதவியாளராக ஜார்ஜ் எவரெஸ்ட் வந்து சேர்ந்தார்.

லாம்ப்டன் ஓய்வு பெறவில்லை. எழுபது வயதை ஒட்டி, இருமலோடும் காய்ச்சலோடும் நாக்பூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். 1823 ஜனவரியில் வழியிலேயே, மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறை அங்கேதான் இருக்கு.

எவரெஸ்ட் அந்த வில்லை இமயமலை அடிவாரம் வரைக்கும் கொண்டுபோய் 1841இல் முடித்தார். மொத்தம் சுமார் 2,400 கி.மீ. அந்த முக்கோணங்களின் மேல் நின்றுதான் பின்னால் இமயச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். வங்காளக் கணிதர் ராதாநாத் சிக்தர் உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கில் கண்டுபிடித்தார். சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் போனது. பூமியின் வடிவத்துக்கான எண்களுக்கும் அவர் பெயரே வைத்தார்கள். 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் கோளவுரு என்ற அந்த எண்களின் மேல்தான் சர்வே ஆஃப் இந்தியாவின் மேப்புகள் இருபதாம் நூற்றாண்டு முழுக்க நின்றன. அதற்குள் லாம்ப்டனின் பன்னிரண்டரை டிகிரியும் இருக்கு.

இப்போ போனை எடுத்து ரெண்டு ஊருக்கு நடுவில் நேர் தூரம் கேட்டால், பின்னால் ஓடுவது பெருவட்டக் கணக்கு. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் தட்டையான கோளத்துக்கான திருத்தமும் சேர்த்து. ஓசூரில் நம்ம கல்லூரி சீனியர்கள் வேலை பார்க்கும் ஆலைகளில் மைக்ரான் அளவில் பிசகு பார்ப்பார்கள். 12 கி.மீ.க்கு நாலு அங்குலம் என்பது அவர்களுக்குப் பெரிசாகத் தெரியலாம். மரப்பெட்டி, எஃகுச் சங்கிலி, ஒரு கண் பார்வை, சித்திரை வெயில் எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க.

அடுத்த தடவை தளி தாண்டி ஜவளகிரிப் பக்கம் போகும்போது ஒரு சின்னப் பயிற்சி. வெட்ட வெளியில் நின்று, ராத்திரி வடக்கே பாருங்க. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை டிகிரி பக்கம் உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி, அதுக்கு மேலே ஒரு விரல் ரெண்டு விரல் அகலம். அந்தக் கோணம்தான் நிலநடுக்கோட்டிலிருந்து நீங்க நிற்கும் இடம் வரைக்கும் உள்ள பெருவட்ட வில், பூமியின் மையத்திலிருந்து பார்த்த மாதிரி. கருவி எதுவும் வேண்டாம். ஆனா யானை வரும் மாசமா என்று மட்டும் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கிட்டுப் போங்க!